ஒரே அடியில் நாற்பது தாள்: பாபெல் பிகாடோ தோரணம் வெட்டிய அனுபவம்

கடைசியாக உளியால் அடித்த தாள்கட்டில் நாற்பது தாளும் அடிவரை சுத்தமாக வெட்டுப்பட்டு வந்தன. மேல்தாளையும் அடித்தாளையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அளவு, விலை, கருவி எல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். அடுத்த செப்டம்பரில் எங்கள் தெருவில் யார் இந்த வேலையைக் கையில் எடுத்தாலும், வேறு ஊரில் யாராவது செய்துபார்க்க நினைத்தாலும், பாதி அலைச்சல் மிச்சமாகும்.

பாபெல் பிகாடோ என்பது மெக்சிகோவில் கல்யாணம், கோயில் திருவிழா, இறந்தோர் நாள் என்று எதுவானாலும் தெருவுக்குக் குறுக்கே கட்டும் மெல்லிய வண்ணத்தாள் தோரணம். தூரத்தில் இருந்து பார்த்தால் நம் ஊர்த் திருவிழாவில் கட்டும் கலர்க்காகிதக் கொடி மாதிரிதான் தெரியும். கிட்டே போனால் ஒவ்வொரு தாளிலும் மண்டை ஓடு, பூ, புறா, எழுத்து என்று ஒரு முழுப்படமே வெட்டி எடுக்கப்பட்டிருக்கும்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தில், கிழக்குப் பக்கம். விவசாயத் தொழிலாளர் தலைவர் சேசர் சாவேஸ் 1950களில் குடியிருந்த மேஃபேர் பகுதி இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அமெரிக்காவில் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம், அதாவது ஸ்பானிய மொழி வழி வந்த மக்களின் மரபைக் கொண்டாடும் மாதம். 1968இல் ஒரு வாரமாக ஆரம்பித்ததை 1988இல் மாதமாக நீட்டினார்கள். செப்டம்பர் 15 குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்துக்கும் சுதந்திர நாள். மறுநாள் மெக்சிகோவுக்கு. எங்கள் சமுதாயக் கூடத்தில் அந்த மாதத்துச் சனிக்கிழமைகளில் கைவேலைக்கு ஆள் சேருவார்கள். அங்கே செய்கிற பொருள்தான் நவம்பர் 1, 2 இறந்தோர் நாளுக்குத் தெருவிலும் படையல் மேடையிலும் போய் உட்காரும். அதனால் வேலைக்குக் கெடு உண்டு, தள்ளிப்போட முடியாது.

இந்த வருஷப் படையல் பழக் கொட்டகையிலும் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து மறைந்த பெண்களுக்கு என்று முடிவானது. இன்றைக்குக் கணினிக் கம்பெனிகள் நிற்கிற இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் முழுக்க ஏப்ரிகாட், பிளம் தோப்பு. அந்தப் பழத்தை அறுத்து, உலர்த்தி, டின்னில் அடைத்த கைகளில் ஏராளமானவை மெக்சிகோ வம்சாவளிப் பெண்களுடையவை. எங்கள் தெருவில் பல வீட்டுப் பாட்டிமார் அந்த வேலை பார்த்தவர்கள். அவர்கள் படத்துக்கு மேலே கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணம் கட்டுவதில் யாருக்கும் மனமில்லை.

எத்தனை வேண்டும்

முதலில் கணக்கு. தெருவுக்குக் குறுக்கே மூன்று வரிசை, ஒவ்வொன்றும் 60 அடி. பரிசுப்பொருள் சுற்ற விற்கும் டிஷ்யூ காகிதம் இங்கே 20 அங்குலத்துக்கு 30 அங்குலம் கிடைக்கிறது. அதைக் குறுக்கே இரண்டாக்கினால் 20க்கு 15. அகலவாட்டில் தொங்கவிட்டு, இடையில் ஓர் அங்குலம் விட்டால் ஒரு தாளுக்கு 21 அங்குலம். ஒரு வரிசைக்கு 34, மூன்றுக்கு 102. உள்ளே படையல் மேடைக்கு 18. ஆக 120 தாள்.

இந்த எண்தான் வழியைத் தீர்மானித்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவதுபோல் தாளை மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் படம் மட்டும்தான் முடியும். எழுத்து வராது, திரும்பிப் பார்க்கிற முகம் வராது. பேனாக் கத்தியால் வெட்டிப் பார்த்தோம். படம் அழகாக வந்தது, ஆனால் மூன்று நான்கு தாளுக்கு மேல் அடுக்கினால் கத்தி முனை தாளைக் கிழித்துக்கொண்டு போகிறது. இந்த வேகத்தில் 120 தாள் முடிக்கக் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு சென்யோரா (ஸ்பானியத்தில் 'அம்மா' என்கிற மாதிரி) மெக்சிகோவின் புயெப்லா மாநிலத்துக்காரர். ஒரு மதியம் பூரா எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில், "அதை எல்லாம் எடுத்து வை, மிஹா (மகளே). உளி கொண்டு வா" என்றார்.

அவர் சொன்னது சான் சால்வதோர் வீஸ்கொலோட்லா ஊர் வழி. புயெப்லாவில் இருக்கும் அந்தச் சிற்றூரில்தான் இந்தத் தோரணம் குடும்பத் தொழிலாக நடக்கிறது. 1998இல் மாநில அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. மெல்லிய தாள் மெக்சிகோவுக்கு வந்தது மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய ஸ்பானியக் கப்பல்களில். அதனால்தான் இன்றும் அங்கே அதற்குச் சீனத்தாள் என்றே பெயர். அதற்கும் முன்பே மரப்பட்டையை இடித்துச் செய்யும் அமாத்தே தாள் அந்த மண்ணில் இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் ஐம்பது தாளுக்குக் குறையாமல் அடுக்கி, மேலே வரைபடத்தை வைத்து, கீழே ஈயத்தகடு போட்டு, உளியை வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். கத்தி நகர்வதே இல்லை, எல்லாம் நேர் கீழே இறங்கும் அடி. தாள் கிழியாததற்குக் காரணம் அதுதான்.

அடியில் என்ன போடுவது

இந்த வேலையில் உளியைவிட முக்கியம் உளிக்குக் கீழே இருப்பது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகத் தாள் வீணானது.

ஈயம் நல்லது என்பதில் சந்தேகமில்லை. மென்மையான உலோகம், உளியின் வாய் கடைசித் தாளைத் தாண்டி உள்ளே இறங்க இடம் கொடுக்கும், கூர் மழுங்காது, குழியானால் தட்டிச் சமப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் எங்கள் கூடத்துக்குக் குழந்தைகள் வருவார்கள், அதே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். ஈயத் துகள் அங்கே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே தள்ளிவிட்டோம்.

முதலில் பைன் பலகை. உளி இறங்கியது, ஆனால் மரத்தின் இழை உளியைத் தன் போக்குக்கு இழுத்தது. அதோடு அடியில் இருந்த பத்துப் பதினைந்து தாள் வெட்டுப்படாமல் பலகைக்குள் குத்தித் திணிந்து, ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வந்தது. அப்புறம் தடித்த ரப்பர் விரிப்பு. அது எதிர்த்து உதைக்கிறது. உளி எம்பிக் குதித்து இரண்டாவது அடி வேறு இடத்தில் விழுகிறது. ஒரு மண்டை ஓட்டுக்கு இரட்டைப் பல் வரிசையே வந்துவிட்டது.

கடைசியில் தோதுப்பட்டது சமையலறையில் காய் வெட்டும் வெள்ளைப் பாலிஎத்திலீன் பலகை. அரை அங்குலத் தடிமன், 18க்கு 24 அங்குலம், 19 டாலர். உளியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே விட்டு அங்கேயே நிறுத்துகிறது. அடித்த இடத்திலேயே திரும்பத் திரும்ப அடித்தால் பள்ளமாகிவிடும், அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் பலகையைத் திருப்பிப் போட வேண்டும். மேலே எழும் பிசிறை அடுப்புமேடை சுரண்டும் தகட்டால் சீவினால் போதும்.

பலகையை எதன்மேல் வைக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். மடக்கு மேஜையின் நடுவில் வைத்து அடித்தால் அடியின் பாதி பலம் மேஜை ஆடுவதிலேயே போய்விடுகிறது. காரேஜின் சிமெண்ட் தரையில் வைத்தால் ஒரே அடியில் அறுகிறது, ஆனால் முதுகு போய்விடும். தடித்த மேஜைக் கால் தரையைத் தொடும் மூலைக்கு நேர் மேலே வைத்துக்கொண்டோம். சத்தமும் பாதி குறைந்தது.

உளிகள்

சென்யோரா தன் பழைய ஊர்க்காரர்களிடம் பார்த்த உளிகள் நூற்றுக்கு மேல் இருக்கும் என்றார். அவரவர் தேவைக்குத் தாங்களே தீட்டிக்கொள்வார்களாம். எங்களிடம் அவ்வளவு இல்லை. தட்டை உளி நான்கு: 3, 6, 12, 20 மில்லிமீட்டர். அரைவட்ட வாய் உளி இரண்டு: 12, 25 மில்லிமீட்டர். தோல் வேலைக்காரர்கள் ஓட்டை போடும் குழாய் பஞ்ச் மூன்று: 3, 5, 8 மில்லிமீட்டர். தட்டை உளிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தன. மற்றதெல்லாம் சேர்த்து 46 டாலர். இரும்புச் சுத்தியல் உளித் தலையைச் சிதைக்கிறது, அதனால் நைலான் தலை வைத்த கொட்டாப்புளி ஒன்று 22 டாலருக்கு வாங்கினோம். ஒரு பவுண்டு எடை போதும். கனமானதை எடுத்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லும்.

தச்சு உளிக்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் சரிவு. மரத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தாளில் இது இவ்வளவு முக்கியம் என்று அடித்துப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. நாற்பது தாள் அடுக்கில் உளி இறங்கும்போது சரிவுப் பக்கம் தாளைத் தள்ளிக்கொண்டு போகிறது. தட்டைப் பக்கம் நேர்ச் சுவராக நிற்கிறது. ஆகவே தட்டைப் பக்கம் தங்கப்போகிற தாளைப் பார்த்து இருக்கணும், சரிவு கழியப்போகிற துண்டைப் பார்த்து இருக்கணும். இதை மாற்றிப் பிடித்தால் மேல்தாளில் 3 மில்லிமீட்டர் இருந்த பாலம் (இரண்டு ஓட்டைகளுக்கு இடையே தங்குகிற மெல்லிய பட்டை) அடித்தாளுக்குப் போவதற்குள் ஒன்றரை மில்லிமீட்டராகிவிடுகிறது. உளிப் பிடியில் தட்டைப் பக்கம் தெரிகிற மாதிரி சிவப்பு மை வைத்துவிட்டோம். குழந்தைகளிடம், "சிவப்பு பக்கத்தில் இருப்பது நம்ம தாள், அந்தப் பக்கம் குப்பை" என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

அரைவட்ட உளியிலும் இதே கதைதான். கடையில் சாதாரணமாகக் கிடைப்பதற்குச் சரிவு வெளிப்பக்கம் இருக்கும். தோரணத்தின் கீழ் ஓரத்தில் வரும் அலை வெட்டுக்கு அது அருமை, ஏனென்றால் அங்கே தங்குகிற தாள் வளைவுக்கு உள்ளே இருக்கிறது. மண்டை ஓட்டின் கண்குழிக்கு அது ஆகாது. அங்கே தங்குகிற தாள் வளைவுக்கு வெளியே. கண்குழியை எல்லாம் 6 மில்லிமீட்டர் தட்டை உளியால் சுற்றிச் சுற்றி எண்கோணமாகத்தான் அடித்தோம். தூரத்தில் இருந்து பார்த்தால் வட்டமாகவே தெரிகிறது.

தாள் மெத்தென்று இருந்தாலும் உளியை மழுக்குவதில் கெட்டிக்காரன். பாதிக் கட்டில் அடிச் சத்தமே மாறும், 'டக்' என்று இருந்தது 'தொப்' என்று ஆகும். அந்தச் சத்தம் வந்தால் நிறுத்திவிட்டுத் தோல்பட்டையில் பச்சை மெருகுக்கட்டி தடவி இருபது இழுப்பு. சாணைக்கல் வரைக்கும் போக வேண்டியதில்லை.

படம்

மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் நாற்பது தாள் கொண்ட ஒரு கட்டு. படம் வரையும்போது ஒரே விதி: எந்த இடமும் தனித்தீவாக நிற்கக் கூடாது. தங்குகிற ஒவ்வொரு துண்டும் எங்காவது ஓரத்தோடு பிடித்துக்கொண்டிருக்கணும், இல்லாவிட்டால் படத்தின் நடுவே பொத்தென்று விழுந்துவிடும். பாலத்துக்குக் குறைந்தது 3 மில்லிமீட்டர், தாடைக்குக் கீழே 5. உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் சின்னச் சின்ன டைமண்டு ஓட்டைகளால் வலை மாதிரி நிரப்பினால் உருவமும் பிடிமானமாக நிற்கும், காற்றும் உள்ளே புகுந்து போகும். மேலே நூலுக்காக ஓர் அங்குலம், பக்கங்களில் முக்கால் அங்குலம் வெட்டாமல் விட வேண்டும்.

முதல் படம் தலையில் பூவோடு சிரிக்கிற மண்டை ஓடு. 1913இல் மறைந்த ஓவியர் ஹோசே குவாதலூப்பே போசாதா அச்சடித்துப் பரப்பிய சிரிக்கும் எலும்புக்கூடுகள் காலத்திலிருந்து மெக்சிகோவில் இது இல்லாத இறந்தோர் நாள் கிடையாது.

இரண்டாவது படம் தெருவின் இளைஞர்கள் கேட்டது. சாவேஸின் தொழிற்சங்கக் கொடியில் இருக்கும் கருங்கழுகு. 1962இல் அந்தக் கழுகை வரைந்தபோது சிறகு ஓரங்களை வளைவாக விடாமல் நேர்க்கோட்டுப் படிக்கட்டாக வைத்தார்கள், வீட்டில் கொடி தைக்கிற யாரும் சுலபமாக வரைந்துகொள்ளட்டும் என்று. உளிக்காரருக்கும் அது வரப்பிரசாதம். கழுகு முழுக்க 12 மில்லிமீட்டர் தட்டை உளி ஒன்றை வைத்தே முடிந்துவிட்டது. முதன்முறையாகச் சுத்தியல் பிடிப்பவர்களுக்கு அந்தக் கட்டைத்தான் கொடுத்தோம்.

மூன்றாவது பழக் கொட்டகை. ஒரு கை, அதில் சின்னக் கத்தி, கீழே மரத்தட்டில் வரிசையாக அறுத்த ஏப்ரிகாட். நான் வரைந்ததில் பழத் துண்டுகள் கவிழ்ந்து கிடந்தன. பார்க்க அழகாக, சின்னச் சின்ன மேடு மாதிரி இருந்தன. சிறுமியாக இருந்தபோது கொட்டகையில் பழம் அறுத்த ஒரு பாட்டி பேரனோடு கூடத்துக்கு வந்தவர், தாளை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து ஒவ்வொரு பழத்துக்கும் நடுவில் கொட்டை இருந்த குழியை வரைய ஆரம்பித்தார். அறுத்த முகம் மேலே பார்க்கணும், கவிழ்த்தால் சாறெல்லாம் தட்டில் வழிந்துவிடும், பழம் தோல்மட்டும் ஆகிவிடும் என்றார். மேஸ்திரி அதைத்தான் முதலில் பார்ப்பாராம். தட்டு நிறைந்ததும் கந்தகப் புகை அறைக்குள் தள்ளி, மறுநாள் வெயிலில் பரப்புவது வரைக்கும் சொல்லிக்கொண்டே அத்தனை குழியையும் அவரே வரைந்து முடித்தார். அந்தக் குழிகள் 8 மில்லிமீட்டர் பஞ்சுக்குச் சரியாகப் பொருந்தின. படத்திலேயே உயிரான இடம் அதுதான்.

கட்டு கட்டுவது

டிஷ்யூ வழுக்கும். கிளிப் போட்டுப் பிடித்தால் நடுவில் உப்பிக்கொள்கிறது, உளி படும்போது மேலடுக்கு நகர்கிறது. ஸ்டேப்ளர் பின் நாற்பது தாளுக்குள் போகிறது, ஆனால் ஒருமுறை உளி பின்மேல் பட்டு வாய் உடைந்தது. ஆகவே ஊசி நூல். அடியில் இரண்டு செய்தித்தாள், அதன்மேல் நாற்பது டிஷ்யூ, மேலே வரைபடம் ஒட்டிய பழுப்புத் தாள். சுற்றிலும் ஓரத்தில் ஓட்டுத் தையல். கழியப்போகிற பெரிய ஓட்டைகளுக்கு நடுவிலும் ஓட்டைக்கொரு தையல். நிறத்தை ஒரே கட்டில் கலந்து அடுக்கினோம், ஐந்து நிறம், நிறத்துக்கு எட்டுத் தாள். கோர்க்கும்போது மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

அறுபது தாள் வைத்துப் பார்த்தது வேலைக்கு ஆகவில்லை. அந்த ஊர்க் கைகளுக்கு அதற்கு மேலும் முடியும். எங்கள் கைக்கு நாற்பதுதான் எல்லை, புதிதாகக் கற்பவருக்கு இருபத்தைந்து.

அடிக்கும் வரிசையும் முக்கியம். நடுவிலிருந்து வெளியே. சின்ன ஓட்டை முதலில், பெரியது கடைசியில். பெரிய துண்டை முதலிலேயே எடுத்துவிட்டால் கட்டு தொளதொளத்துப்போய் அப்புறம் அடிக்கிற நுணுக்க வேலை எல்லாம் கோணிக்கொள்ளும். கீழ் அலை ஓரம் எல்லாவற்றுக்கும் கடைசி. வெட்டிய துண்டுகளை உடனே குத்தி எடுக்கவும் கூடாது, அவை உள்ளேயே இருப்பதுதான் கட்டுக்குப் பலம். எல்லாம் முடிந்தபின் கட்டைத் தூக்கிச் சாய்த்துத் தட்டினால் வண்ணப் பொடியாக உதிர்கிறது. அதைப் பையில் சேர்த்துவைத்தோம், பொரி மாதிரி தூவக் குழந்தைகளுக்கு.

பிரிப்பது தனி வேலை. உளி இறங்கிய ஓரங்களில் தாள்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு நிற்கும். நேராக இழுத்தால் பாலம் அறும். கட்டை மெதுவாக உருளையாகச் சுருட்டி, மறுபக்கமும் சுருட்டி, அந்தக் கடியைத் தளர்த்த வேண்டும். அப்புறம் மேல் மூலையில் வாயால் ஊதினால் ஒரு தாள் எழும்பும். அதன் அடியில் தட்டையான ஸ்கேலை நுழைத்து, மூலைக்கு மூலை நகர்த்தி, படுக்கவைத்தபடியே விலக்க வேண்டும். இதில் பத்து வயசுக் குழந்தைகள் எங்களைவிடத் தேர்ந்தவர்கள், விரல் மெலிசு, அவசரமும் இல்லை. முழுசாகப் பிரிந்த முதல் கழுகைத் தூக்கிப் பிடித்த பையன் அதன் ஓட்டைகள் வழியாகவே கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

நூலும் பசையும்

வெள்ளைப் பசை தடவினோம். ஈரம் பட்டதும் டிஷ்யூ சாயம் விட்டது, நூல், விரல், மேஜை எல்லாம் கத்திரிப்பூ நிறம். குச்சிப் பசைக்கு மாறினோம், பிரச்சினை தீர்ந்தது. மேல் ஓர் அங்குலத்தை நூலுக்கு மேல் மடித்து, முழு நீளத்துக்கும் ஒட்ட வேண்டும். அங்கங்கே பொட்டு வைத்தால் காற்றில் அந்த இடம் மட்டும் கிழியும்.

பருத்தி நூல் அழகு, ஆனால் இங்கே அக்டோபர் கடைசியில் இரவுப் பனி உண்டு. ஈரத்தில் தொய்ந்து நடுவில் ஆள் தலை இடிக்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. நாங்கள் பின்னால் மாற்றியது பின்னிய பாலியெஸ்டர் கயிறு, 2 மில்லிமீட்டர், 200 அடி 9 டாலர். தொய்வே இல்லை.

பழக் கொட்டகைப் படத்தில் மரத்தட்டை வெட்டாமல் முழுசாக விட்டிருந்தோம். சோதனைக்குக் கட்டிய அன்றே காற்று அதைப் பாய்மரமாக்கி மூன்று தாளைப் பிய்த்தது. ஒட்டுவதற்கு மிச்சமிருந்த தாள்களைத் திரும்ப அடுக்கித் தைத்து, தட்டில் பலகை இடுக்கு மாதிரி நீள ஓட்டைகள் அடித்தோம். கிழிந்த மூன்றும் பின்பக்கம் ஒட்டுப்போட்டு உள்ளே மேடைக்குப் போயின. நிஜத் தட்டும் பலகைகளைச் சேர்த்து அடித்ததுதான் என்பதால் படம் இன்னும் சரியாகவே ஆனது.

வெளியே மூன்று வரிசையும் இரண்டு நாளும் தாங்கின. இரண்டாம் நாள் காலையில் பனி நனைத்ததில் கருஞ்சிவப்புத் தாள்கள் மட்டும் ஓரத்தில் சாயம் இறங்கித் தொங்கின. நல்லவேளை அவற்றுக்குக் கீழே நடைபாதைதான். உள்ளே படையல் மேடையில் வெள்ளைத் துணி விரித்திருந்தோம், அங்கே ஒரு சொட்டும் இல்லை. மேடையில் தண்ணீர், உப்பு, மெழுகுவர்த்தி, கோபால் என்கிற மரப்பிசின் சாம்பிராணி, இறந்தோர் ரொட்டி, எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தப் பாட்டிமாரின் படங்கள். காற்றுக்கு அடையாளமாக இருப்பது இந்தத் தாள்தான், ஆள் நடந்துபோனாலே அசைகிறது. பூ செண்டுமல்லி. மெக்சிகோவில் பிறந்து ஸ்பானியர், போர்த்துகீசியர் காலத்தில் நம் பக்கம் வந்த பூ அது. அக்டோபரில் இங்கே இந்தியக் கடையிலும் மெக்சிகோக் கடையிலும் ஒரே நேரத்தில் குவிந்துகிடக்கும். இரண்டு கடைப் பூவும் அந்த மேடையில் கலந்திருந்தது.

அமெரிக்க நகரங்களில் இந்த நாள் தெருவுக்கு வந்தது 1970களின் தொடக்கத்தில். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ், சான் பிரான்சிஸ்கோவில் கலெரியா தெ லா ராஸா, இரண்டுமே சிகானோ, அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்க ஓவியர்கள் கூடிய இடங்கள். மறந்துகொண்டிருந்த வழக்கத்தைப் படமாக, தோரணமாக, ஊர்வலமாகத் திரும்பச் செய்துதான் அவர்கள் அதை மீட்டார்கள். கடைத் தோரணம் வாங்காமல் உட்கார்ந்து உளி அடித்ததில் எங்கள் தெருவுக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

செலவும் அடுத்த தடவையும்

டிஷ்யூ 120 முழுத்தாள், ஐந்து நிறம், 28 டாலர். இரண்டாக்கினால் 240, அதில் பாதி தோரணமானது, மீதி பழகுவதற்கும் பாழானதற்கும் போனது. பலகை 19, உளியும் பஞ்சும் 46, கொட்டாப்புளி 22, கயிறு 9, குச்சிப் பசையும் ஊசி நூலும் மெருகுக்கட்டியும் சேர்த்து 17. மொத்தம் 141 டாலர். இதில் கருவிகள் அப்படியே இருக்கின்றன, அடுத்த வருஷம் தாள், கயிறு, பசைக்கு மட்டும்தான் செலவு.

அடுத்த தடவை சாயம் விடாத டிஷ்யூ என்று கேட்டு வாங்கணும், கருஞ்சிவப்பையும் ஊதாவையும் ஈரத்துணியால் தொட்டுப் பார்த்துவிட்டு. உள்பக்கம் சரிவு வைத்த அரைவட்ட உளி ஒன்று வேண்டும், கண்குழிக்காக. பலகை இரண்டு இருந்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அடிக்கலாம். காதடைப்பானும் கண்ணாடியும் ஆளுக்கொன்று கட்டாயம். எழுத்து வெட்டுவதை இந்த வருஷம் தொடவில்லை. படையலில் இருந்த பெண்களின் பெயர்களை அடுத்த வருஷம் தோரணத்திலேயே வெட்ட வேண்டும் என்று குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. அதற்கு எழுத்துகள் எல்லாம் மேலும் கீழும் ஓரத்தைத் தொடுகிற மாதிரி வரைய வேண்டும், 'O', 'A' இரண்டின் நடுத்துண்டுக்கும் பாலம் வைக்க வேண்டும். சென்யோரா இப்போதே பழுப்புத் தாளில் வரைய ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதிரித் தாளும் எண்ணெய் தடவிய உளிகளும் கூடத்து அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் பலகையை மட்டும் சுரண்டிவிட்டுத் திருப்பி வைத்தால் போதும்.